கொலராடோ மலையில் 16 வயது மகளுக்கு முதல் வண்டி: 9,000 டாலருக்குள் பழைய 4×4 எது?

கிளேட் பார்க் அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கொலராடோவின் மேற்குப் பக்கம், கிராண்ட் ஜங்ஷனுக்கு மேலே கிளேட் பார்க்கில் இருக்கிறோம். இந்தப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், டவுனுக்கு நாங்கள் போவது கொலராடோ நேஷனல் மானுமென்ட்டின் வளைவுகளில் இறங்கி. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளம். வீட்டை நெருங்கும்போது கடைசி 3 மைல் மண் ரோடு. குளிர்காலத்தில் பனி, மார்ச்சில் அது உருகிச் சேறு.

மகளுக்கு அடுத்த மாதம் லைசன்ஸ் கிடைத்துவிடும். மகனுக்கு 15 முடிந்து இப்போதுதான் ஓட்டிப் பழகும் பெர்மிட் எடுத்திருக்கிறான். நான் டவுனில் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை செய்கிறேன், விடியும் முன்பே கிளம்பிவிடுவேன். கணவர் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் வெளியூர். பிள்ளைகள் இருவரையும் பள்ளிக்குக் கொண்டுவிட இனி ஆளில்லை. அதனால் இருவருக்கும் பொதுவாக ஒரு வண்டி வாங்கியே ஆக வேண்டும்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. மகள் ஃபோர்-ஹெச் என்ற இளைஞர் மன்றத்தில் ஆடு வளர்க்கிறாள். வாரம் ஒருமுறை வைக்கோல் கட்டும் தீவனமும் ஏற்றி வர வேண்டும். சனி, ஞாயிறுகளில் ராபிட் வேலிக்குக் கேம்பிங் போவோம். பிள்ளைகள் அங்கே கொஞ்சம் கரடுமுரடான பாதையிலும் ஓட்டிப் பழக ஆசைப்படுகிறார்கள். எனக்கும் அது பிடித்திருக்கிறது. மலையில் வளரும் பிள்ளைகளுக்கு மலைப்பாதையில் ஓட்டத் தெரிய வேண்டும்.

கையில் 9,000 டாலர் இருக்கிறது. டயர், பதிவு, வரி எல்லாம் இதற்குள் முடிய வேண்டும். இதுவரை கண்ணில் பட்டவை இவை. 2000ஆம் ஆண்டு ஜீப் செரோகி, 3 அங்குலம் உயர்த்தியது, 31 அங்குல டயர், 1,76,000 மைல், 6,800 டாலர். மகன் இதன் படத்தைப் போன் முகப்பில் வைத்திருக்கிறான். அடுத்து 2008 நிஸான் எக்ஸ்டெரா, 1,41,000 மைல், 6,500 டாலர். 2005 டொயோட்டா 4ரன்னர், வி6 இன்ஜின், 1,92,000 மைல், 8,400 டாலர். மகளுக்கு ஆசை ஜீப் ரேங்ளர் மேல்தான். 2009ஆம் ஆண்டு இரண்டு கதவு வண்டி ஒன்று 10,500 டாலருக்கு வந்திருக்கிறது, அது எங்கள் கைக்கு மீறியது.

என் பயம் ஒன்றே ஒன்றுதான். உயரமான வண்டி உருண்டுவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த வளைவுகளில் என் பிள்ளைகள் இருவரும் ஒரே வண்டியில் போவார்கள். எதை வாங்கினால் நான் வேலையில் நிம்மதியாக இருக்க முடியும்? சொந்தமாக ஓட்டிப் பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.


டென்வர்க்காரி எழுதியது:

அக்கா, முதலில் ஒன்று கேட்கிறேன். லோ ரேஞ்ச், அதாவது மெதுவாக ஊர்ந்து போகும் தனி கியர் உள்ள வண்டி உண்மையிலேயே வேண்டுமா? நீங்கள் எழுதியதில் வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூட ஓட்டம்தான். மண் ரோடு, பனி, வைக்கோல் இதற்கெல்லாம் சுபாரு ஃபாரெஸ்டர் தாராளமாகப் போதும்.

என் தங்கை மகனுக்கு 2014 ஃபாரெஸ்டர் வாங்கினோம். அந்த வருட மாடல் ஐஐஎச்எஸ் என்ற சாலைப் பாதுகாப்பு நிறுவனத்தின் மோதல் சோதனையில் அவர்களுடைய உச்சத் தகுதியான 'டாப் சேஃப்டி பிக் ப்ளஸ்' வாங்கியது. தரையிலிருந்து 8.7 அங்குல உயரம். நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும், பிள்ளைகள் எந்த லீவரையும் தொட வேண்டியதில்லை. பெட்ரோலும் குறைவாகத்தான் குடிக்கும். 9,000க்குள் கொஞ்சம் தேடினால் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. 2011 முதல் 2014 வரையான 2.5 லிட்டர் இன்ஜின்களில் ஆயில் குடிக்கும் பழக்கம் சிலவற்றுக்கு உண்டு. வாங்கும் முன் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை இழுத்துப் பாருங்கள். வாங்கிய பிறகு, பெட்ரோல் போடும்போதெல்லாம் பார்க்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

டென்வர் பக்கம் வந்தால் இன்னொன்றும் நினைவிருக்கட்டும். செப்டம்பர் 1 முதல் மே 31 வரை ஐ-70 நெடுஞ்சாலையில் டாட்சீரோவுக்கும் மோரிசனுக்கும் இடையில் டயர்ச் சட்டம் உண்டு. ஃபோர் வீல் டிரைவாக இருந்தாலும் டயரில் 3/16 அங்குலப் பள்ளம் இருக்க வேண்டும், அதுவும் பனிக்கான குறியீடு உள்ள டயராக இருக்க வேண்டும். எந்த வண்டி வாங்கினாலும் டயருக்கு ஆயிரம் டாலர் தனியாக எடுத்து வையுங்கள்.


மோன்ட்ரோஸ் அண்ணாச்சி எழுதியது:

அம்மா, வணக்கம். நான் உங்களுக்குத் தெற்கே ஒரு மணி நேரத் தூரத்தில் மோன்ட்ரோஸில் இருக்கிறேன். சொந்த ஊர் கோவில்பட்டி. இங்கே பண்ணைகளில் டிராக்டர், வைக்கோல் கட்டும் இயந்திரம் பழுது பார்ப்பது என் தொழில். என் இரண்டு பெண்களும் இந்த மலையில்தான் ஓட்டப் பழகினார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டென்வர் தங்கை சொன்னதில் நியாயம் இருக்கிறது. பள்ளிக்கூட ஓட்டம் மட்டும் என்றால் நானும் ஃபாரெஸ்டர் என்றுதான் சொல்வேன். ஆனால் நீங்கள் பிள்ளைகளுக்குக் கரடுமுரடான பாதையில் ஓட்டக் கற்றுத்தர வேண்டும் என்கிறீர்கள். அதற்கு லோ ரேஞ்ச் வேண்டும். லோ ரேஞ்சில் முதல் கியர் போட்டால் வண்டி நடை வேகத்தில் தானாகவே ஊர்ந்து இறங்கும். பிள்ளை பிரேக்கை மிதித்துச் சக்கரத்தைப் பூட்டி வழுக்க வேண்டிய அவசியமே வராது. பதற்றமில்லாமல் பாதையைப் பார்க்கவும், அடுத்த கல் எங்கே இருக்கிறது என்று யோசிக்கவும் நேரம் கிடைக்கும். புதிதாக ஓட்டுபவருக்கு அந்த நேரம்தான் பெரிய பாதுகாப்பு.

அதற்கு முன் உங்கள் பயத்துக்கு வருகிறேன், அது சரியான பயம். இந்த நாட்டில் 16 முதல் 19 வயது வரை உள்ளவர்கள், ஓட்டும் ஒவ்வொரு மைலுக்கும், 20 வயதைத் தாண்டியவர்களைவிடக் கிட்டத்தட்ட 3 மடங்கு அதிகமாக உயிர்ச்சேத விபத்தில் சிக்குகிறார்கள். இளம் ஓட்டுநர் வளைவில் வேகமாக வந்து, ஒரு சக்கரம் சரளையில் இறங்கியதும் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று எதிர்ப்பக்கம் திருப்புவார். உயரமான வண்டி பெரும்பாலும் உருளுவது அங்கேதான். இதைத் தடுக்கத்தான் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல். வண்டி திரும்ப வேண்டிய பக்கம் திரும்பவில்லை என்று கண்டுபிடித்து, தேவையான ஒரே ஒரு சக்கரத்துக்கு மட்டும் அதுவாகவே பிரேக் போடும், இன்ஜின் வேகத்தையும் குறைக்கும். வேறு வண்டி மோதாமல் தானே சறுக்கி நேரும் விபத்துகளில் உயிர் போகும் வாய்ப்பை இது சுமார் பாதியாகக் குறைக்கிறது. அமெரிக்காவில் 2012 மாடலில் இருந்து எல்லாக் கார்களிலும் இது கட்டாயம். அதற்கு முந்தைய வண்டி என்றால் நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும். என் கணக்கில் முதல் கேள்வி இது. லோ ரேஞ்ச் இரண்டாவது. மைல், விலை, நிறம் எல்லாம் அப்புறம்தான்.

இப்போது உங்கள் மகனின் செரோகி. அது எவ்வளவு நல்ல வண்டி என்று எனக்குத் தெரியும், என் கொட்டகையிலேயே ஒன்று நிற்கிறது. அந்த 4.0 லிட்டர், நேர்வரிசை ஆறு சிலிண்டர் இன்ஜின் 2 லட்சம் மைலைத் தாண்டி ஓடும். உதிரி பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். ஆனால் அதில் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் கிடையாது. பக்கவாட்டுத் திரை ஏர்பேக் கிடையாது. 2001உடன் அந்த உருவமே நின்றுபோனது. போதாததற்கு இந்த வண்டியை யாரோ 3 அங்குலம் உயர்த்தியிருக்கிறார்கள். உயர்த்தினால் எடை மேலே போகும். பெரிய டயர் போட்டால் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும். உயர்த்தியவர் கண்ணும் கருத்துமாகச் செய்தாரா, ஸ்டீயரிங் கம்பிகளின் கோணத்தைச் சரிசெய்தாரா என்று கண்டுபிடிக்க உங்களுக்கு வழியில்லை. முன் அச்சு ஒரே துண்டாக உள்ள ஜீப்பில் மூட்டுகள் தேய்ந்திருந்தால், ஒரு குழியில் இறங்கியதும் ஸ்டீயரிங் கையில் நிற்காமல் குலுங்கத் தொடங்கும். 50 மைல் வேகத்தில் அது வந்தால் அனுபவசாலியே ஆடிப்போவார். மகனிடம் சொல்லுங்கள், 25 வயதில் அவன் சொந்தக் காசில் ஒரு செரோகி வாங்கட்டும், நானே வந்து கூட வேலை செய்து தருகிறேன். இப்போது வேண்டாம்.

ரேங்ளரில் 2007க்குப் பிந்தைய ஜேகே மாடலில் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் உண்டு, அதனால் அதை ஒரேயடியாகத் தள்ளவில்லை. ஆனால் விலை உங்கள் கைக்கு மேல், இரண்டு கதவு வண்டியின் சக்கர இடைவெளி குட்டை, வைக்கோல் வைக்கவும் இடமில்லை.

ஆக எக்ஸ்டெராவும் 4ரன்னரும் மிச்சம். இரண்டுமே சட்டகத்தின் மேல் உடல் வைத்துக் கட்டிய வண்டிகள், இரண்டுமே 4,000 பவுண்டுக்கு மேல் எடை, இரண்டிலும் 4.0 லிட்டர் வி6. பெட்ரோல் இரண்டுமே நன்றாகக் குடிக்கும், கேலனுக்கு 17, 18 மைல் கிடைத்தால் சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டுக்கும் உள்ள முக்கியமான வித்தியாசம், இன்ஜின் சக்தியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுக்கும் நடுப்பெட்டியில் இருக்கிறது. எக்ஸ்டெராவின் ஃபோர் வீல் டிரைவ் சறுக்கும் தரைக்கு மட்டுமானது. காய்ந்த தார் ரோட்டில் அதைப் போட்டுக்கொண்டு திரும்பினால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். ஆனால் வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் போகும். அந்த முறுக்கம் எங்கும் போக வழியில்லாமல் கியர்களில் ஏறும், வண்டி உதறும், திருப்பவும் சரியாக வராது. உங்கள் ரோட்டை நினைத்துப் பாருங்கள். ஜனவரி காலை, நிழலில் உள்ள வளைவில் பனிக்கட்டி, அடுத்த வளைவில் வெயில் பட்டுக் காய்ந்த தார், அதற்கடுத்தது மறுபடியும் பனிக்கட்டி. எக்ஸ்டெரா என்றால் உங்கள் மகள் ஒவ்வொரு முறையும் சுவிட்சைப் போடுவதும் எடுப்பதுமாக இருக்க வேண்டும். 2003 முதல் 2009 வரையான 4ரன்னரில் நடுவில், இரண்டு அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் இருக்கிறது. வீட்டில் கிளம்பும்போது நான்கு சக்கரத்தில் போட்டால் பள்ளி வரை அப்படியே விடலாம். காய்ந்த ரோடு வந்தாலும் ஒன்றும் ஆகாது. ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் 4ரன்னரில் 2001 முதலே எல்லா வண்டிகளிலும் உண்டு. அந்த 2005 வண்டியில் ஏற்றத்தில் பின்வாங்காமல் பிடிக்கும் வசதியும், இறக்கத்தில் தானே பிரேக் போட்டு மெதுவாக இறக்கும் வசதியும் சேர்ந்தே வரும்.

அதனால் என் வாக்கு 4ரன்னருக்கு, வண்டி சுத்தமாக இருந்தால். எக்ஸ்டெரா மோசமில்லை. 1,900 டாலர் குறைவு என்பது பெரிய விஷயம், அந்தப் பணத்தில் நல்ல டயரே வாங்கிவிடலாம். 4ரன்னர் சரியில்லை என்றால் தயங்காமல் எக்ஸ்டெராவைப் பாருங்கள். ஆனால் அதில் டாஷ்போர்டில் 'விடிசி ஆஃப்' என்ற பொத்தான் (விடிசி என்பது ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலுக்கு நிஸான் வைத்த பெயர்) இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள், விற்பவர் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். பக்கவாட்டுத் திரை ஏர்பேக்கும் அந்த வருடங்களில் எல்லா வண்டியிலும் வரவில்லை. ஜன்னலோரத் தூணில் ஏர்பேக் என்ற எழுத்து பொறித்திருக்கும், இரண்டு வண்டியிலும் தேடிப் பாருங்கள். அது இருக்கிற வண்டிக்கு 500 டாலர் கூடக் கேட்டாலும் கொடுக்கலாம்.


சால்ட் லேக் மாணவி எழுதியது:

ஆன்ட்டி, உங்கள் மகள் பக்கத்திலிருந்து கொஞ்சம் எழுதலாமா? எனக்கு 19 வயது. பதினாறில் எனக்குக் கிடைத்தது ஒரு 2010 ரேங்ளர், நான்கு கதவு. மிகவும் பிடித்த வண்டி, இப்போதும் அதைத்தான் ஓட்டுகிறேன். ஆனால் அம்மாக்களிடம் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ரேங்ளர் வைத்திருந்தால் பள்ளியில் எல்லோரும் ஏறிக்கொள்ளக் கேட்பார்கள். கூரையைக் கழற்று, கதவைக் கழற்று, மலைக்குப் போகலாம் என்பார்கள். அந்த வயதில் இல்லை என்று சொல்வது கஷ்டம். எனக்கு அப்பா ஒரு வழி செய்து கொடுத்தார். "சட்டம் விடாது, அப்பாவும் விடமாட்டார்" என்று அவர் தலையில் போட்டுவிடச் சொன்னார். அது நிஜமாகவே உதவியது.

கொலராடோவிலும் அந்தச் சட்டம் இருக்கிறது. லைசன்ஸ் வாங்கிய முதல் 6 மாதம், 21 வயதுக்குக் கீழ் உள்ள யாரையும் ஏற்றக்கூடாது, உடன்பிறந்தவர்களுக்கு விலக்கு உண்டு. அடுத்த 6 மாதம் ஒரே ஒருவர். முதல் வருடம் முழுக்க நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஓட்டக்கூடாது, வேலை, பள்ளி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அதனால் தம்பியைப் பள்ளிக்குக் கூட்டிப் போகலாம், தோழிகளை ஏற்ற முடியாது. இதை வண்டி வாங்கும் அன்றே பேசி முடித்துவிடுங்கள்.

அப்புறம், 2007 முதல் 2016 வரையான ரேங்ளர்கள் டகாட்டா கம்பெனியின் பழுதான ஏர்பேக்குகளுக்கான திரும்பப் பெறுதலில் (ரீகால்) வந்தவை. என் வண்டிக்கு இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். எந்த வண்டியாக இருந்தாலும் வண்டியின் அடையாளமான 17 இலக்க வின் எண்ணை, அரசின் சாலைப் பாதுகாப்புத் துறையான நிட்ஸாவின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், காசு கிடையாது, முடிக்காத ரீகால் இருந்தால் உடனே காட்டிவிடும்.


கிளேட் பார்க் அம்மா எழுதியது:

உங்கள் எல்லோருக்கும் நன்றி. மகளையும் மகனையும் பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். அண்ணாச்சி கூட வேலை செய்து தருவதாகச் சொன்னதும் மகன் முகம் மலர்ந்துவிட்டது, செரோகி பேச்சை அதோடு விட்டுவிட்டான். மகளுக்கு ரேங்ளர் ஆசை இன்னும் போகவில்லை, ஆனால் அந்தப் பெண் எழுதியதை இரண்டு முறை வாசித்தாள்.

4ரன்னரை நேற்று போய்ப் பார்த்தோம். ஓட்ட நன்றாக இருக்கிறது. பின் கதவுக் கண்ணாடி கீழே இறங்குவது வைக்கோல் ஏற்ற வசதி. தூணில் ஏர்பேக் எழுத்து இருக்கிறது. நிட்ஸாவில் பாக்கி ரீகால் எதுவும் காட்டவில்லை. டைட்டில், அதாவது உரிமைப் பத்திரம், சுத்தம். ஆனால் வண்டியின் பழைய வரலாற்றைக் காட்டும் கார்ஃபாக்ஸ் அறிக்கை எடுத்துப் பார்த்தால் 2017 வரை வண்டி மிச்சிகனில் இருந்திருக்கிறது. அது பிரச்சினையா? விற்பவர் ஒரு தனிநபர், டீலர் இல்லை. மெக்கானிக்கிடம் காட்டச் சம்மதித்துவிட்டார். என்ன பார்க்கச் சொல்ல வேண்டும்? டயர் நல்ல டயர் என்கிறார், பார்க்கவும் பள்ளம் ஆழமாகத்தான் இருக்கிறது.


மோன்ட்ரோஸ் அண்ணாச்சி எழுதியது:

மிச்சிகன் என்றதும் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும் அம்மா. அங்கே குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்புக் கொட்டுவார்கள். அந்த உப்பு சட்டகத்தை உள்ளிருந்து தின்னும். நம் மேற்குப் பக்கத்து வண்டி 20 வயதிலும் அடியில் சுத்தமாக இருக்கும், அங்கே வளர்ந்தது பத்து வயதிலேயே செதிள் செதிளாக உதிரும். இந்தக் காலத்து டொயோட்டா சட்டகங்களுக்கு இது தெரிந்த நோய். மெக்கானிக்கிடம் லிஃப்டில் தூக்கச் சொல்லுங்கள். சிறிய சுத்தியலால் பின் அச்சின் பக்கம், பின் கம்பிகள் சட்டகத்தோடு சேரும் இடங்களில் தட்டச் சொல்லுங்கள். கணீர் என்று சத்தம் வந்தால் சரி. மொத்தென்று வந்தாலோ, ஓடு போல் உதிர்ந்தாலோ, அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். மேலே கறுப்புப் பெயின்ட் புதிதாக அடித்திருந்தால் இன்னும் கவனமாகத் தட்ட வேண்டும். வெறும் மேல்துருதான் என்றால் பரவாயில்லை, கம்பித் தூரிகையால் தேய்த்து மெழுகுப் பூச்சு அடித்துக்கொள்ளலாம். அதை உங்கள் மகனே செய்யலாம்.

அடுத்தது ரேடியேட்டர். இதை எக்ஸ்டெராவுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், உங்களுக்கு அந்தப் பக்கம் திரும்ப நேரலாம். இந்த வண்டிகளில் ரேடியேட்டருக்குள்ளேயே கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ஒன்று ஓடுகிறது. அது உள்ளே விரிசல் விட்டால் தண்ணீர் ஆயிலோடு கலந்து இளஞ்சிவப்பு நுரையாகிவிடும். கியர்பாக்ஸ் போய்விடும், அதன் செலவு வண்டி விலையில் பாதி. 2005 முதல் 2010 வரையான எக்ஸ்டெராவில் இது மிகப் பிரசித்தம், இந்தத் தலைமுறை 4ரன்னரின் முதல் சில வருட வண்டிகளிலும் நடந்திருக்கிறது. இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள். தெளிவாக இருக்க வேண்டும், நுரையோ எண்ணெய்ப் படலமோ கூடாது. தெளிவாக இருந்தாலும், ரேடியேட்டர் பழையது என்றால் வாங்கிய மாதமே புதியது போட்டுவிடுங்கள். சில நூறு டாலர்தான். அந்த வண்டியில் நீங்கள் செய்யக்கூடிய மிக நல்ல செலவு அதுதான்.

டயர்ப் பள்ளத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். டயரின் பக்கச் சுவரில் 'டிஓடி' என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2314 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்து வருட ரப்பர் பனியில் பிடிக்காது. பழையது என்றால் அதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம், 8,400ஐ 7,600 வரை இறக்கிப் பாருங்கள். மிச்சத்தில் மலையும் பனிச்செதிலும் பொறித்த குறி உள்ள ஆல் டெரெய்ன் டயர் நான்கு வாங்கலாம். கம்பெனி சொன்ன அளவிலேயே வாங்குங்கள், பெரிதாக வேண்டாம்.

அந்தப் பின் கண்ணாடியைப் பற்றி ஒன்று. ஓடும்போது அதை இறக்கி வைத்துக்கொண்டு போனால் புகை உள்ளே வரும். வைக்கோல் கட்டு நீட்டிக்கொண்டிருந்தால் அதைப் பிரித்துச் சின்னதாக்குங்கள், கண்ணாடியை ஏற்றிவிட்டே ஓட்டச் சொல்லுங்கள். வைக்கோலை இருக்கைக்குப் பின்னால் பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும். கூரை மேல் ஏற்ற வேண்டாம். எடை மேலே போவதால் வரும் கெடுதலை முன்பே சொன்னேன்.

இன்சூரன்ஸில் கொலராடோவின் குறைந்தபட்சம் ஒரு விபத்தில் ஒருவருக்கு 25,000, மொத்தம் 50,000, பொருள் சேதத்துக்கு 15,000 டாலர். இரண்டு இளம் ஓட்டுநர்கள் உள்ள வீட்டுக்கு இது போதவே போதாது. மேல் வரம்பு எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல மதிப்பெண்ணுக்குத் தள்ளுபடி உண்டு, கேட்டு வாங்குங்கள்.

பழக்குவதற்கு ராபிட் வேலி அருமையான இடம். முதலில் தட்டையான மணல் பாதை, டயர் காற்றை 35 பிஎஸ்ஐ அழுத்தத்திலிருந்து 22, 23க்கு இறக்கி ஓட்டிப் பார்க்கட்டும், திரும்ப ஏற்ற ஒரு சிறிய கம்ப்ரஸர் வண்டியிலேயே இருக்கட்டும். மழை பெய்திருந்தால் அன்று போகவே வேண்டாம். அந்தக் களிமண் நனைந்தால் டயரில் அப்பிப் பள்ளத்தையே மூடிவிடும், ஃபோர் வீல் டிரைவால் ஒன்றும் செய்ய முடியாது, பாதையும் பாழாகும். இமோஜீன், பிளாக் பேர் மாதிரி கணவாய்களை மகன் யூடியூபில் பார்த்துவிட்டுக் கேட்பான். அவை பல வருட அனுபவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு விஷயங்களை வண்டியைத் தொடும் முன்பே வாயால் சொல்ல வைத்துப் பழக்குங்கள். ஒன்று, ஏற்றத்தில் பாதியில் நின்றுவிட்டால் வண்டியைக் குறுக்கே திருப்பவே கூடாது. திருப்பினால் பக்கவாட்டில் உருளும். லோ ரேஞ்சில் ரிவர்ஸ் போட்டு, வந்த தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்க வேண்டும். என் பெண்களுக்கு இதைச் சின்ன மேட்டில் வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்திப் பழக்கினேன், இப்போது கை தானாகப் போகிறது. இரண்டு, வண்டி மாட்டிக்கொண்டால் டிரெய்லர் மாட்டும் இரும்பு உருண்டையில் கயிற்றை மாட்டி யாரும் இழுக்கக் கூடாது. அந்த உருண்டை தெறித்தால் பீரங்கிக் குண்டுபோல் கண்ணாடியைத் துளைத்து ஆளைக் கொல்லும், அப்படி உயிர் போயிருக்கிறது. சட்டகத்தோடு திருகிய கொக்கி அல்லது பின்பக்கச் சதுரக் குழாயில் செருகும் ஷாக்கிள் என்ற இரும்பு வளையம், இவற்றில் மட்டும்தான் கயிற்றை மாட்ட வேண்டும்.

பனியில் இன்னொன்று. ஃபோர் வீல் டிரைவ் கிளம்பத்தான் உதவும், நிற்க உதவாது. பிரேக் நான்கு சக்கரத்துக்கும் எல்லா வண்டியிலும் ஒன்றுதான். முதல் பனி விழுந்த அன்று ஏதாவது காலியான வாகன நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப் போய், 20 மைல் வேகத்தில் பிரேக்கை முழுவதுமாக மிதிக்கச் சொல்லுங்கள். காலுக்கடியில் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் பிரேக் வசதி) துடிப்பதையும் வண்டி எவ்வளவு தூரம் போய் நிற்கிறது என்பதையும் அவர்களே உணரட்டும். அப்புறம் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் விளக்கு மினுக்கும்படி ஒரு திருப்பு திருப்பிக் காட்டுங்கள். அந்த விளக்கு மினுக்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம், காலை எடுக்க வேண்டும்.

சட்டகம் எப்படி இருக்கிறது என்று மெக்கானிக் சொன்னதும் இங்கே எழுதுங்கள். படம் எடுத்துப் போட்டால் நான் பார்த்துச் சொல்கிறேன். அது தேறவில்லை என்றால் அந்த எக்ஸ்டெரா விற்றுப் போவதற்குள் ஒரு சனிக்கிழமை நானே வந்து கூடப் பார்க்கிறேன், மகனையும் அடியில் படுத்துப் பார்க்கத் தயாராகப் பழைய சட்டை போட்டு வரச் சொல்லுங்கள்.